மவுன்டன் பைக்குக்கு அகலமான, எடை குறைந்த டயரும் ரிம்மும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மவுன்டன் பைக்கில் சக்கரத்தை மாற்ற நினைப்பவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. டயர் அகலமாக வேண்டும், எடையும் கூடக் கூடாது, இரண்டும் சேர்ந்து அமையுமா? அமையும். ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. ஓட்டும் தரைக்கு ஏற்ற அகலத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும், அடுத்து அந்த அகலத்துக்குப் பொருந்தும் ரிம், அப்புறம்தான் கிராம் கணக்கு. எடையில் ஆரம்பிப்பவர்கள்தான் திரும்பத் திரும்ப டயர் வாங்குகிறார்கள்.

கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிள்களுக்கு.

1. டயர்ல 29 x 2.4னு ஒரு நம்பர், பக்கத்துலயே 61-622னு இன்னொரு நம்பர். எதைப் பார்த்து வாங்கணும்?

இரண்டாவதைப் பாருங்கள். 61 என்பது காற்றடித்த டயரின் அகலம், மில்லிமீட்டரில். 622 என்பது டயரின் ஓரம் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். 29 இன்ச் சக்கரத்துக்கு 622, 27.5 இன்ச்சுக்கு 584, பழைய 26 இன்ச்சுக்கு 559. இந்த மூன்று இலக்க எண் டயரிலும் ரிம்மிலும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும்.

இன்ச் கணக்கு தோராயமானது. அகலத்துக்கு மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள: 2.25 என்றால் 57 மி.மீ., 2.4 என்றால் 61, 2.6 என்றால் 66, 2.8 என்றால் 71.

2. அகல டயர் போட்டா மிதிக்க கஷ்டமா இருக்காதா? ரோடு சைக்கிள்ல எல்லாம் ஒல்லியாத்தானே இருக்கு?

டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய இரண்டே விஷயங்களைப் பொறுத்தது: அதன் மேல் விழும் எடை, உள்ளே இருக்கும் காற்றழுத்தம். அழுத்தம் ஒன்றாக இருந்தால் ஒல்லி டயரும் அகல டயரும் கிட்டத்தட்ட ஒரே பரப்பைத்தான் தொடும். வடிவம்தான் வேறு. ஒல்லி டயரில் அது நீளவாக்கில் நீண்டிருக்கும், அகல டயரில் குட்டையாகவும் பரந்தும் இருக்கும். நீளம் குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் டயர் மடங்கி விரிவதும் குறையும். அதனால் ஒரே அழுத்தத்தில் அகல டயரே சுலபமாக உருளும்.

வழவழப்பான தார்ச்சாலையில் கதை மாறும். அங்கே ஒல்லி டயரில் நிறையக் காற்றடித்து ஓட்டலாம், எடையும் காற்றுத் தடையும் குறைவு. கல்லும் வேருமாக இருக்கும் பாதையில் அப்படி ஓட்டினால், ஒவ்வொரு கல்லிலும் சைக்கிளும் ஆளும் சேர்ந்து மேலே தூக்கப்பட்டு இறங்குகிறார்கள். அந்தச் சக்தி எல்லாம் உங்கள் காலிலிருந்துதான் போகிறது. அகல டயர் குறைந்த காற்றோடு அந்தக் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு மேலே ஏறிப் போய்விடும்.

மிதிப்பதைக் கஷ்டமாக்கும் இழுவைக்கு அகலத்தைவிடப் பெரிய காரணம், பட்டன்களும் (டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள்) ரப்பரும்தான். உயரமான, மென்மையான பட்டன்கள் உள்ள 2.25 டயர், குட்டைப் பட்டன்கள் உள்ள 2.4 டயரைவிட அதிகமாக இழுக்கும்.

3. லைட் டயர்னா எத்தனை கிராம்? ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க.

அகலத்தையும் எந்த ஓட்டத்துக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. 29 இன்ச்சில், பந்தயத்துக்கான 2.25 டயர் 600 முதல் 700 கிராம் வரை இருக்கும். 2.4 அகலத்தில் மெல்லிய உறை (ரப்பருக்கு அடியில் இருக்கும் நூல் துணி) கொண்டது 750 முதல் 900 வரை. கரடுமுரடான பாதைக்கென்று செய்த 2.4, 2.5 டயர்கள் ஒரு கிலோவை ஒட்டி வரும். டவுன்ஹில், அதாவது மலையிறக்க ஓட்டத்துக்கான டயர்கள் 1,200 கிராமைத் தாண்டும்.

என் கணக்கில் 2.4 டயர் 850 கிராமுக்குள் இருந்தால் அது லைட். 700க்குக் கீழே ஒரு 2.4 டயரைப் பார்த்தால், எங்கே ரப்பரைக் குறைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் சைடு வாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில்தான் குறைத்திருப்பார்கள். இன்னொன்று: அட்டையில் போட்டிருக்கும் எடை சராசரிதான். ஒரே மாடலில் இரண்டு டயர்களைத் தராசில் வைத்தால் 30, 40 கிராம் வித்தியாசம் வருவது சகஜம்.

4. சக்கரத்துல 100 கிராம் குறைச்சா ஃப்ரேம்ல ஒரு கிலோ குறைச்ச மாதிரின்னு சொல்றாங்களே, நிஜமா?

இல்லை. ரிம், டயர் ஓரத்தில் இருக்கும் எடை முன்னோக்கியும் நகர்கிறது, சுற்றவும் செய்கிறது. அதனால் வேகம் எடுக்கும்போது அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி தேவை. இரண்டு மடங்குதான், பத்து மடங்கு இல்லை. ஒரே வேகத்தில் மேடு ஏறும்போது அந்தக் கூடுதலும் கிடையாது. அங்கே 100 கிராம் 100 கிராம்தான்.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரத்திலும் சேர்த்து 400 கிராம் குறைத்தால், மொத்தத்தில் அரை சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. வேகம் எடுக்கும்போது ஒரு சதவீதத்தை நெருங்கும். ஆனால் இந்த வித்தியாசம் கடிகாரத்தைவிடக் கையில் அதிகமாகத் தெரியும். நெருக்கமான வளைவுகளில் நின்று நின்று கிளம்பும்போதும், முன்சக்கரத்தைத் தூக்கிப் போடும்போதும், ஹேண்டில்பாரைச் சட்டென்று திருப்பும்போதும் சக்கரம் சொன்னபடி கேட்கும். ஒரு சக்கரத்துக்கு 50 கிராம் குறைத்தது யாருக்கும் தெரியாது. 300 கிராம் குறைத்தால் முதல் வளைவிலேயே தெரியும்.

5. அப்போ எடையை எங்கேருந்து குறைக்க ஆரம்பிக்கலாம்? டயரா, ரிம்மா?

ட்யூபிலிருந்து. 29 இன்ச் சக்கரத்துக்கான சாதாரண ரப்பர் ட்யூப் 200 கிராமுக்கு மேல் இருக்கும். அதை எடுத்துவிட்டு ட்யூப்லெஸ் ஆக்கினால் சீலன்ட் (உள்ளே ஊற்றும், துளையை அடைக்கும் திரவம்) 100 கிராம், வால்வும் டேப்பும் சேர்த்து ஒரு 20 கிராம். சக்கரத்துக்கு 100 கிராம் போகிறது, கூடவே பஞ்சரும் குறைகிறது, காற்றையும் குறைத்து ஓட்டலாம். எடை குறைவதால் எதையும் இழக்காத இடம் இது ஒன்றுதான்.

டயரின் ஓரத்தில் இரும்புக் கம்பி இருந்தால் அடுத்து அதைப் பாருங்கள். மடிக்கக்கூடிய ஓரம் உள்ள டயர், அதே மாடலின் கம்பி டயரைவிட 50 முதல் 100 கிராம் வரை குறைவு. ட்யூப்லெஸுக்கும் பெரும்பாலும் மடிக்கக்கூடியதுதான் வேண்டும்.

மூன்றாவது ரிம். டயரின் உறையை மெலிதாக்குவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் அதைத் தொடாமலே விடுங்கள். ரிம்மில் மிச்சமான 80 கிராம் பல வருடம் உங்களோடு இருக்கும். சைடு வாலில் மிச்சமான 80 கிராம் முதல் கூர்மையான கல்லோடு முடிந்துபோகலாம்.

6. ரிம் அகலம் 30னு சொல்றது உள் அளவா, வெளி அளவா?

உள் அளவு. ரிம்மின் இரண்டு சுவர்களுக்கு நடுவே, டயரின் ஓரம் உட்காரும் இடத்தில் அளப்பது. ரிம்மிலேயே 622x30 என்று அச்சிட்டிருந்தால் அந்த 30தான் உள் அகலம். வெளி அகலம் அதைவிட 4 முதல் 6 மி.மீ. வரை கூடுதலாக இருக்கும், கார்பன் ரிம்மில் சுவர் தடித்தால் இன்னும் கூட. பழைய ரிம்களுக்கு வெளி அளவைச் சொல்லும் பழக்கம் இருந்ததால்தான் இந்தக் குழப்பம். சந்தேகம் இருந்தால் டயரைக் கழற்றி வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள்.

7. எந்த டயருக்கு எந்த ரிம்? ஒரு கணக்கு சொல்லுங்க.

உள் அகலம் 25 மி.மீ. ரிம்முக்கு 2.1 முதல் 2.4 வரை. 30 மி.மீ. ரிம்முக்கு 2.3 முதல் 2.6 வரை. 35 மி.மீ. ரிம்முக்கு 2.6 முதல் 2.8 வரை. இப்போது வரும் டயர்களில் பெரும்பாலானவற்றின் பட்டன் அமைப்பை 30 மி.மீ. ரிம்மை மனதில் வைத்தே வடிவமைக்கிறார்கள். எது வாங்குவது என்று தெரியாவிட்டால் 30 வாங்குங்கள், தவறாது.

அகல ரிம் போட்டால் டயர் ரொம்பப் பெருத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ரிம் ஒரு மி.மீ. கூடினால் டயர் சுமார் 0.4 மி.மீ.தான் விரியும். 25லிருந்து 30க்குப் போனால் டயர் 2 மி.மீ. அகலமாகும், அவ்வளவுதான். அகல ரிம்மின் உண்மையான பலன் சைடு வாலுக்குக் கிடைக்கும் தாங்கல். அது எதற்கு என்பது அடுத்த பதிலில்.

8. என்கிட்ட இருக்கிறது 23 மி.மீ. ரிம். அதுலயே 2.6 டயர் போட்டா என்ன ஆகும்?

டயர் ஏறும், காற்றும் நிற்கும், நேராக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. முன்னாலிருந்து பார்த்தால் பல்பு மாதிரி இருக்கும்: அடியில் குறுகி, மேலே உப்பி. பிரச்சினை வளைவில் வரும். சைக்கிளைச் சாய்த்துத் திரும்பும்போது ரிம் ஒரு பக்கம் தள்ளுகிறது, பட்டன்கள் தரையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கின்றன, நடுவில் இருக்கும் சைடு வால் மடிகிறது. பின்பக்கம் யாரோ பிடித்துத் தள்ளிய மாதிரி ஒரு ஆட்டம் தெரியும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் டயரின் ஓரம் ஒரு கணம் ரிம்மை விட்டு விலகி, 'புஸ்' என்று காற்றும் சீலன்டும் தெறிக்கும்.

இதைத் தடுக்கக் காற்றைக் கூட்டித்தான் ஆக வேண்டும். காற்றைக் கூட்டினால் அகல டயர் வாங்கிய பலனே போய்விடும். 23 மி.மீ. ரிம்மை மாற்றும் எண்ணம் இல்லையென்றால் 2.25லேயே நல்ல டயராகப் பார்த்துப் போடுங்கள். அந்த ஜோடி இன்றும் நன்றாகவே ஓடும்.

9. அப்போ 40 மி.மீ. ரிம் வாங்கிட்டா எல்லா டயருக்கும் ஆகுமே?

ஆகாது. 40 மி.மீ. ரிம்மில் 2.3 டயர் போட்டால் அதன் முதுகு தட்டையாகிவிடும். பக்கவாட்டுப் பட்டன்கள் மேலே தூக்கி, நடுப் பட்டன்களின் வரிசைக்கே வந்துவிடும். நேராக ஓட்டும்போது அவையும் தரையில் உரசி இழுக்கும். சாய்த்துத் திரும்பும்போது கடிக்க ஓரம் இருக்காது, பிடிமானம் சட்டென்று விட்டுப்போகும். பட்டன்கள் மறைத்துக் காக்க வேண்டிய சைடு வாலும் ரிம்மின் விளிம்பும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கல் முதலில் அங்கேதான் அடிக்கும். எடையும் கூடும். ரிம்மில் அகலத்துக்கு ஒரு அளவு உண்டு, தாண்டினால் நஷ்டம்தான்.

10. என் ஃப்ரேம்ல 2.6 போகுமான்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

ஃப்ரேம், ஃபோர்க் இரண்டுக்கும் தயாரிப்பாளர் சொல்லும் அதிகபட்ச அகலம் இருக்கும். அதைத் தாண்ட வேண்டாம். அது கிடைக்காவிட்டால் இப்போதுள்ள டயருக்கும் ஃப்ரேமுக்கும் இடையே இடப்பக்கம், வலப்பக்கம், மேலே என மூன்று இடத்திலும் அளங்கள். புது டயர் போட்ட பிறகும் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 6 மி.மீ. மிஞ்ச வேண்டும். சேற்றில் ஓட்டுபவர்களுக்கு அதுவும் போதாது.

நின்ற நிலையில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏர் ஃபோர்க்கின் காற்றை முழுதாக இறக்கி, கடைசி வரை அமுக்கிப் பாருங்கள், டயர் ஃபோர்க்கின் மேல்பாகத்தில் தொடுகிறதா என்று. பின்னால் சஸ்பென்ஷன் இருந்தால் அங்கேயும் அதே மாதிரி. டயர் ரிம்மில் ஏறிய அன்று இருக்கும் அளவும் இறுதியானது இல்லை. காற்றோடு ஓரிரு நாள் நின்றால் உறை இழுபட்டு ஒன்றிரண்டு மி.மீ. விரியும். 2.4 என்று வாங்கியது 2.3தான் வருகிறது என்று சிலர் முதல் நாளே வருத்தப்படுவதற்கும் இதுதான் காரணம். அவர்கள் ரிம் குறுகலா என்பதையும் பார்க்க வேண்டும்.

11. டிபிஐ ஜாஸ்தியா இருந்தா நல்ல டயர்தானே?

டிபிஐ என்பது உறையில் ஒரு இன்ச்சுக்கு எத்தனை நூல் என்ற கணக்கு. 120 டிபிஐ என்றால் நூல் மெலிது, நெருக்கம் அதிகம், நடுவில் ரப்பர் குறைவு. டயர் வளைந்து கொடுக்கும், எடை குறையும், சுலபமாக உருளும். 60 டிபிஐ என்றால் நூல் தடிப்பு, எடை கூடும், வெட்டுப்படுவதைக் கொஞ்சம் அதிகமாகத் தாங்கும்.

ஆனால் எண்ணை மட்டும் வைத்து இரண்டு நிறுவனங்களின் டயர்களை ஒப்பிட முடியாது. உறையை இரண்டு மூன்று அடுக்காக மடிக்கும்போது சிலர் எல்லா அடுக்கையும் கூட்டிப் பெரிய எண்ணாகப் போடுவார்கள், சிலர் ஒரு அடுக்கை மட்டும் சொல்வார்கள். 60 டிபிஐ உறையை இரண்டு அடுக்கு போட்டது, 120 டிபிஐ ஒற்றை அடுக்கைவிட உறுதி. டிபிஐயோடு சைடு வாலில் தனிப் பாதுகாப்புத் துணி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். என்னைக் கேட்டால், மெல்லிய உறையோடு அந்தத் துணி மட்டும் சேர்த்த டயர்தான் அகலமும் எடையும் நன்றாகச் சமன்படும் இடம்.

12. லைட் டயர் போட்டா அடிக்கடி பஞ்சர் ஆகுமா?

எந்த மாதிரிப் பஞ்சர் என்பதைப் பொறுத்தது. முள், சின்னக் கம்பி எல்லாம் ட்யூப்லெஸ் சீலன்டுக்கே அடங்கிவிடும். கூர்மையான பாறையில் சைடு வால் கிழிந்தால் சீலன்ட் உதவாது. உறை மெலிதாக இருந்தால் அந்த ஆபத்து நிச்சயம் கூடும்.

மூன்றாவது வகை, காற்று குறைவாக இருக்கும்போது கல்லில் இடித்து, கல்லுக்கும் ரிம்மின் இரண்டு விளிம்புக்கும் நடுவே ட்யூபோ டயரோ நசுங்குவது. கழற்றிப் பார்த்தால் இரண்டு வெட்டு பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இதற்கு அகலம்தான் மருந்து. டயர் அகலமானால் உயரமும் கூடும், ரிம் வரை இடி போய்ச் சேர இன்னும் தூரம் இருக்கும். விளிம்பு மழுங்கலாகவும் தடிப்பாகவும் உள்ள ரிம்களும் இதைக் குறைக்கின்றன.

13. முன்னாடியும் பின்னாடியும் ஒரே டயர் போடணுமா?

வேண்டாம். முன்சக்கரம் நழுவினால் விழுவீர்கள், பின்சக்கரம் நழுவினால் சமாளிக்கலாம். அதனால் முன்னால் அகலமும், உயரமான பட்டனும், மென்மையான ரப்பரும். பின்னால் எடையும் இடியும் அதிகம் விழுகிறது, மிதிக்கும் சக்தியும் அங்கேதான் போகிறது. அதற்குக் கொஞ்சம் ஒல்லியான, வேகமாக உருளும் பட்டன் கொண்ட, ஆனால் உறை உறுதியான டயர். முன்னால் 2.5 அல்லது 2.6, பின்னால் 2.4 என்பது நல்ல ஜோடி.

இதிலேயே எடைக்கும் வழி இருக்கிறது. மெல்லிய உறையை முன்னால் தைரியமாகப் போடலாம், பின்னால்தான் தாங்காது.

14. அகல டயருக்கு எவ்வளவு காற்று அடிக்கணும்? டயர்ல 50 பிஎஸ்ஐ வரைன்னு போட்டிருக்கு.

அது தாண்டக் கூடாத எல்லை. பாதையில் ஓட்டுவதற்கான அளவு பெரும்பாலும் அதில் பாதிகூட இல்லை. 75 கிலோ எடையுள்ள ஒருவர், 30 மி.மீ. ரிம், 2.4 டயர், ட்யூப்லெஸ் என்றால் முன்னால் 21, பின்னால் 23 பிஎஸ்ஐயில் ஆரம்பிக்கலாம். 2.6 டயர் என்றால் முன்னால் 18, பின்னால் 20. ட்யூப் இருந்தால் 12ஆம் பதிலில் சொன்ன நசுங்கல் பஞ்சருக்குப் பயந்து நான்கைந்து பிஎஸ்ஐ கூட்டுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு பிஎஸ்ஐயாகக் குறைத்து, ரிம்மில் இடிக்கும் சத்தமோ வளைவில் மடியும் உணர்வோ வந்தால் ஒன்று கூட்டி நிறுத்துங்கள்.

அகலத்தோடு காற்று ஏன் குறைய வேண்டும் என்றால், உறையில் ஏற்படும் இழுவிசை காற்றழுத்தத்தையும் டயரின் அகலத்தையும் பெருக்கியது போல் வரும். 2.25லிருந்து 2.6க்குப் போனால் அகலம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. அதே விறைப்புக்கு 24 பிஎஸ்ஐ இருந்த இடத்தில் 21 போதும். பழைய டயரில் அடித்த அதே காற்றைப் புது அகல டயரிலும் அடித்துவிட்டு, 'தூக்கித் தூக்கிப் போடுது' என்பவர்கள் பலர். தரையில் நிற்கும் பம்பில் இருக்கும் முள் இந்த அளவுகளுக்குப் போதாது. குறைந்த அழுத்தத்தைக் காட்டும் தனி மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் சொல்லும் எந்தப் பொருளையும்விட அதற்குக் கொடுக்கும் காசு வீணாகாது.

15. ரிம் கார்பன்ல வாங்கலாமா, அலுமினியமே போதுமா?

29 இன்ச், உள் அகலம் 30 மி.மீ. என்றால் அலுமினிய ரிம் 450 முதல் 550 கிராம், கார்பன் ரிம் 380 முதல் 480 கிராம். அகலம் கூடக்கூட இந்த இடைவெளியும் கூடும், அதனால் அகல ரிம்மில் கார்பனுக்கு அர்த்தம் அதிகம். விறைப்பும் கூடுதல். கோட்டம் எளிதில் விழாது.

ஆனால் பலமாக இடித்தால் இரண்டும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். அலுமினியம் நெளியும். நெளிந்ததைப் பெண்டு எடுத்து வீடு வரை ஓட்டிவிடலாம். கார்பன் நெளியாது, தாங்கும் வரை தாங்கி, பிறகு விரிசல் விடும். விரிசல் விட்டதைத் தட்டி நேராக்க முடியாது. கார்பன் வாங்கினால் உடைந்தால் மாற்றித்தரும் உத்தரவாதம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கல் நிறைந்த பாதையில் பின்சக்கரத்துக்கு அலுமினியமும் முன்சக்கரத்துக்குக் கார்பனும் போடுவது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

16. ஸ்போக்ஸைக் குறைச்சா எடை குறையுமே, 24 போதாதா?

ஒரு ஸ்போக்கும் அதை ரிம்மில் இறுக்கும் நிப்பிளும் சேர்ந்து 6, 7 கிராம். 32லிருந்து 28க்குப் போனால் சக்கரத்துக்கு 25 கிராம் மிச்சம், அதுவும் நடுவில் பரவியிருக்கும் எடை. அதைவிட நடுவில் மெலிந்த ஸ்போக்ஸ் போட்டால் எண்ணிக்கையைக் குறைக்காமலே அதிகம் மிச்சமாகும், இடியையும் நன்றாக வாங்கும். 28 போதும், எடையுள்ளவர்களுக்கு 32.

ரிம்மை மட்டும் மாற்றிப் பழைய ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) கோக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துளைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும், ரிம்மின் உள்ளே ஸ்போக் முடியும் இடத்தின் விட்டம் மாடலுக்கு மாடல் மாறும். சில மி.மீ. மாறினாலே பழைய ஸ்போக்ஸ் ஆகாமல் போகலாம். துளைகளை நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்ட ரிம்கள் இருக்கின்றன. பின்சக்கரத்துக்கு அவை நல்லவை. இரண்டு பக்க ஸ்போக்ஸிலும் இறுக்கம் ஏறக்குறைய சமமாக வரும், ரிம்மே லைட்டாக இருந்தாலும் சக்கரம் நிற்கும்.

17. ஹூக் இல்லாத ரிம் ஆபத்துன்னு கேள்விப்பட்டேன்.

ஹூக் என்பது டயரின் ஓரத்தைப் பிடிக்க ரிம் சுவரின் விளிம்பில் உள்பக்கமாக இருக்கும் வளைவு. அந்தப் பேச்சு ரோடு சைக்கிளைப் பற்றியது. ஹூக் இல்லாத ரிம்முக்கு 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ எல்லை உண்டு. ஒல்லி ரோடு டயர்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில் போகும். மவுன்டன் பைக்கில் நாம் ஓட்டுவது ஒன்றரை பார். ட்யூப்லெஸுக்கென்று செய்த டயரை மட்டும் போடுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஹூக் இல்லாததால் விளிம்பைத் தடிப்பாகச் செய்ய முடிகிறது, அது 12ஆம் பதிலில் சொன்ன நசுங்கலுக்கும் நல்லது.

18. லைட் டயரை ட்யூப்லெஸ் போட்டேன், காலைல பார்த்தா காற்றே இல்ல. டயர் மோசமா?

பெரும்பாலும் இல்லை. மெல்லிய உறையில் ரப்பர் குறைவு, புதிதில் சைடு வாலிலேயே நுண்ணிய துளைகள் வழியாகக் காற்று கசியும். பக்கவாட்டில் சின்னச் சின்ன ஈரப் புள்ளிகள் தெரிந்தால் அதுதான். சீலன்டைக் கஞ்சத்தனம் இல்லாமல் 100 முதல் 120 மி.லி. ஊற்றி, காற்றடித்து, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் குலுக்குங்கள். பிறகு ஒரு வாளியின் மேல் படுக்க வைத்து, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். இரண்டு சைடு வாலிலும் உள்ளே சீலன்ட் படிந்தால் கசிவு நிற்கும். அன்றைக்கே ஒரு சுற்று ஓட்டினால் இன்னும் நல்லது.

ஸ்போக் துளை வழியாகவோ வால்வு பக்கத்திலோ காற்று வந்தால் டேப்பில் கோளாறு. டேப் ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 5 மி.மீ. கூடுதலாக இருந்தால்தான் சுவரிலிருந்து சுவர் வரை மூடும். அகல ரிம் வாங்கிவிட்டுப் பழைய டேப்பை ஒட்டுவதுதான் இங்கே வழக்கமான காரணம். சீலன்ட் இரண்டு முதல் ஆறு மாதத்தில் காய்ந்துவிடும், வெப்பமான இடத்தில் சீக்கிரமே. நன்றாக நின்ற டயர் திடீரென இறங்கினால் முதலில் அதைப் பாருங்கள்.

19. லைட் டயர் போட்டு உள்ளே ஃபோம் இன்செர்ட் வைக்கலாமா, இல்ல கொஞ்சம் கனமான டயரே போடலாமா?

இன்செர்ட் என்பது டயருக்குள் ரிம்மைச் சுற்றி வைக்கும் ஃபோம் வளையம், 100 முதல் 250 கிராம் வரை எடை. லைட் டயரில் மிச்சம் பிடித்ததை அங்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். இன்செர்ட் ரிம்மைக் காக்கும், சைடு வால் மடிவதையும் கொஞ்சம் தடுக்கும், ஆனால் வெளியிலிருந்து கல் கிழிப்பதைத் தடுக்காது. உங்களுக்கு உடைவது ரிம் என்றால் இன்செர்ட், கிழிவது டயர் என்றால் உறுதியான உறை. பின்சக்கரத்துக்கு மட்டும் போட்டாலே போதும்.

20. என் 29 சைக்கிள்ல 27.5 x 2.8 சக்கரம் போட்டா அகலமும் கிடைக்கும், லேசாவும் இருக்கும்ல?

ஒரு காலத்தில் இதற்காகவே சைக்கிள்கள் வந்தன. 2012ல் சர்லி நிறுவனம் க்ராம்பஸ் என்ற சைக்கிளை 29 x 3.0 டயரோடு கொண்டுவந்தது. அடுத்த சில வருடங்களில் 27.5க்கும் 2.8, 3.0 டயர்கள் பெருகின. பிடிமானம் அருமை. ஆனால் அந்த அகலத்தை எடை கூடாமல் செய்ய உறையை மெலிதாக்க வேண்டியிருந்தது, கிழிந்தன. உறையை உறுதியாக்கினால் கனத்தன. காற்று ஒரு பிஎஸ்ஐ கூடினால் துள்ளும், ஒன்று குறைந்தால் மடியும். பெரும்பாலானோர் 2.4, 2.6க்கே திரும்பி வந்ததற்கு இதுதான் காரணம்.

உங்கள் சைக்கிளில் பொருந்துமா என்றால், விட்டத்தைக் கணக்கிடுங்கள். 584 உடன் இருமுறை 71 கூட்டினால் 726 மி.மீ. 29 x 2.25 என்பது 622 உடன் இருமுறை 57, அதாவது 736. வித்தியாசம் 10 மி.மீ., சைக்கிள் 5 மி.மீ. தாழும். அது பரவாயில்லை. 2.6லிருந்து மாறினால் 14 மி.மீ. தாழும், பெடல் கல்லில் இடிக்க ஆரம்பிக்கும். அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்பதை 10ஆம் பதிலில் சொன்னபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

21. என் எடை 100 கிலோ. லைட் ரிம் எல்லாம் எனக்கு ஆகுமா?

முன்னால் ஆகும். பின்னால் வேண்டாம். பின்சக்கரத்துக்கு 500 கிராமுக்குக் குறையாத அலுமினிய ரிம், 32 ஸ்போக்ஸ், உறுதியான உறை கொண்ட டயர், 26, 27 பிஎஸ்ஐ காற்று. அகல டயர் உங்களுக்குத்தான் எல்லாரையும்விட அதிகம் தேவை, ஏனென்றால் ஒல்லி டயரில் இதற்கும் மேலே அடிக்க வேண்டியிருக்கும். ரிம் தயாரிப்பாளர் சொல்லும் எடை எல்லை ஆளும் சைக்கிளும் பையும் சேர்த்துத்தான் என்பதை மறக்க வேண்டாம்.

22. எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்த முடியாது. ஒண்ணு மட்டும்னா எது?

இருக்கும் ரிம் 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால், ரிம்மைத் தொடாதீர்கள். முன்னால் ஒரு நல்ல 2.4 டயர், இரண்டு சக்கரத்துக்கும் ட்யூப்லெஸ். பழைய முன் டயரில் பட்டன் மிச்சமிருந்தால் அதைப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். 25க்குக் குறைவு என்றால் முன்சக்கர ரிம்மை மட்டும் 30 ஆக்கி அதில் அகல டயரைப் போடுங்கள், பின்சக்கரம் அடுத்த முறை கோட்டம் விழும் வரை ஓடட்டும். மிச்சமாகும் காசில் 14ல் சொன்ன அந்த மீட்டரை வாங்கிவிடுங்கள்.